கூரை நம்முடையது, கடன் நம்முடையது. பொறுப்பு மட்டும் யாருடையது?



"மாதம் 300 யூனிட் இலவச மின்சாரம்!" 2024 பிப்ரவரியிலிருந்து பெட்ரோல் பங்க் தட்டியில், டிவியில், செல்போனில் என்று எங்கே திரும்பினாலும் இந்த விளம்பரம்தான். ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு 1 கோடி வீடு. திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'முப்த்' என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தியில் இலவசம் என்று அர்த்தம்.

சரி, எது இலவசம்? தகடு இலவசமா? இல்லை. இன்வெர்ட்டர்? இல்லை. இரும்புச் சட்டம், ஒயர், எர்த்து, வேலைக்கூலி? எதுவும் இல்லை. நம்ம மொட்டை மாடியில், நம்ம கடனில், நாமே வாங்கி மாட்டிக்கொள்ளும் மெஷினிலிருந்து வரும் கரண்டுக்கு இலவசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொந்தக் காசில் கறவை மாடு வாங்கியவனிடம் போய் "பால் இலவசம்"னு சொன்னா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது சூரிய மின்சாரத்துக்கு எதிரான பதிவு கிடையாது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் அடிக்கிற ஊர் நம்முடையது. ஒழுங்காகப் போட்ட 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் மாதம் 360 யூனிட் வரை. நல்ல விஷயம். வீடுவீடாக வரட்டும். நம் சண்டை, அந்த நல்ல விஷயத்தை வீட்டுக்காரனும் கன்ட்ராக்டரும் தனியாக மல்லுக்கட்டும் வியாபாரமாக்கிவிட்டு, அரசு நடுவிலிருந்து நழுவிக்கொண்டதைப் பற்றித்தான்.

எப்படி நடக்குதுன்னு பாருங்க. இணையதளத்தில் பதிவு செய்கிறோம். பதிவு பெற்ற கன்ட்ராக்டர்கள் பட்டியல் வருகிறது. அதில் ஒருத்தரை நாமே தேர்ந்தெடுக்கணும். அவர் மாட்டுவார். மின்வாரியம் வந்து நெட் மீட்டர் வைக்கும். அதற்குப் பிறகு மானியம் நம் வங்கிக் கணக்குக்கு வரும். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பட்டியலைத் திறந்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மாவோ, பஸ் கண்டக்டரோ எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்? கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிப்பதற்கே நாலு வீட்டில் விசாரிக்கிற ஊர் நம்ம ஊர். இங்கே ரெண்டு லட்ச ரூபாய் வேலை, 25 வருஷம் உழைக்க வேண்டிய பொருள். விசாரிக்க ஆளில்லை. கடைசியில் என்ன நடக்கிறது? தெருவில் நோட்டீஸ் கொடுத்தவர், வாட்ஸ்அப்பில் வந்தவர், மச்சானுக்குத் தெரிந்தவர். அவர் வாயிலிருந்து வரும் வசனமும் ஊருக்கு ஊர் ஒன்றேதான்: "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க. லோன், சப்சிடி, ஈபி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கடன் நம் பேரில். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை, ரெப்போ வட்டியோடு அரை சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் வங்கியிலிருந்து நேராகக் கன்ட்ராக்டர் கணக்குக்குப் போய்விடுகிறது. வேலை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. நெட் மீட்டர் வரவில்லையா? தவணை உண்டு. மானியம் இழுக்குதா? தவணை உண்டு. முழுப் பணத்தையும் வாங்கிய ஆள் போனை எடுக்காவிட்டால், வங்கி மேலாளர் கூப்பிடுவது நம்மைத்தான்.

இன்னொரு கணக்கு. 78,000 தருகிறோம் என்று மார்தட்டுகிறார்களே, கூடவே ஜிஎஸ்டி எவ்வளவு எடுக்கிறார்கள் தெரியுமா? பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதத்தைப் பொருள் என்றும் 30 சதவீதத்தைச் சேவை என்றும் பிரிக்கிறார்கள். வரிக்கு முன் 1,80,000 ரூபாய் என்று வையுங்கள். பொருளுக்கு 5 சதவீதம், 6,300. சேவைக்கு 18 சதவீதம், 9,720. ஆக 16,020 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 21 வரை பொருளுக்கு 12 சதவீதம் இருந்தது. அப்போது இதே வேலைக்கு 24,840 ரூபாய். வலது கையால் கொடுத்துவிட்டு இடது கையால் பாக்கெட்டிலிருந்து உருவுவது! திட்டம் தொடங்கி ஒன்றரை வருஷம் இந்த 12 சதவீதத்தை வாங்கிக்கொண்டே 'முப்த்' என்று பாடினார்கள்.

இனி மாடிக்குப் போவோம். உண்மையான விவகாரம் அங்கேதான்.

நம்ம வீடுகளில் மொட்டை மாடிக்கு மேல் ஜல்லி போட்டு, தட்டோடு பதித்து, வாட்டம் கொடுத்திருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அந்த அடுக்கு. அவசரக்கார ஆள் வந்து டிரில்லிங் மெஷினை வைத்து நேராக ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கிவிட்டுப் போவார். சித்திரையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஹால் சீலிங்கில் ஈரம் படரும். போன் போட்டால் "அது பில்டிங் பிராப்ளம் சார்." தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் திண்டு வார்த்து அதன் மேல் சட்டத்தை நிறுத்தலாம். துளைத்தால் கெமிக்கல் வைத்து அடைக்கணும். இரண்டுமே செலவு. கோட்டேஷனில் ஒரு வரிகூட இருக்காது.

காற்று? ஒரு தகடு நம்ம வாசல் கதவைவிடப் பெரிது. 3 கிலோவாட்டுக்கு அப்படி ஆறு தகடு. அதை மாடியில் சாய்த்து நிறுத்துவது கப்பல் பாய் கட்டுவது மாதிரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் கரையைக் கடந்ததையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சூறையாடியதையும் மறந்துவிட்டோமா? கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமே விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடலோர மாவட்டத் தோழர்கள் கன்ட்ராக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்டிரக்சர் எவ்வளவு காற்றுக்கு டிசைன் பண்ணது, எழுதிக் குடு." பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். பெயின்ட் அடித்த இரும்பை மாட்டிவிட்டு 'கால்வனைஸ்டு' என்று சொல்வதும் நடக்கிறது. உப்புக் காற்றில் அது எத்தனை மழை தாங்கும்?

எர்த்து விஷயமும் அப்படியே. தகடு பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மூன்று குழி தோண்டணும். ஒரே குழியில் மூன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? இடி இறங்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம், சொல்லாமல் விடுகிற பெரிய விஷயம் ஒன்று. பேட்டரி இல்லாத சாதாரண ஆன்கிரிட் அமைப்பில், தெருவில் கரண்ட் போனால் நம்ம வீட்டிலும் போய்விடும். பட்டப்பகல், சுட்டெரிக்கும் வெயில், மாடியில் ஆறு தகடு, கீழே ஃபேன் ஓடாது! கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் நம்ம கரண்ட் பாயாமல் இருக்க இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நியாயமான காரணம்தான். ஆனால் இதைச் சொல்லி விற்பவர் எத்தனை பேர்? "இனி பவர் கட்டே கிடையாது சார்" என்று சொல்லித்தானே தலையில் கட்டுகிறார்கள்?

எல்லாருக்கும் 3 கிலோவாட் ஏன் என்பதையும் யோசியுங்கள். மானியம் அங்கேதான் உச்சம். அதனால் "78,000 முழுசா வாங்கிடலாம் சார்." இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீடு ஒன்று இருக்கிறது. அதில் 100 யூனிட் ஏற்கெனவே நம் மாநிலத்தில் இலவசம். காசு கட்டுவது மீதி 200 யூனிட்டுக்கு. அந்த வீட்டு மாடியில், இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரக்கூடிய மெஷினைக் கடன் போட்டு ஏற்றினால் யாருக்கு லாபம்? இரண்டு ஏசி, மோட்டார், 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே கட்டாயம் உதவும். ஈபி கார்டில் கடந்த ஒரு வருஷ ரீடிங்கைப் பார்க்காமல் கோட்டேஷன் தருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பட்டியலில் பேர் இருக்கும் நிறுவனம் ஒன்று, வீட்டுக்கு வந்து பேசுபவர் இன்னொருவர், மாடியில் ஏறி மாட்டுபவர் மூன்றாமவர். கமிஷன் மேலே இருக்கிறது, வேலை கீழே இருக்கிறது. அந்த மூன்றாவது ஆளைப் பற்றி நம்மைப் போன்ற கட்சிகள் பேசாவிட்டால் யார் பேசுவது? பெரும்பாலும் ஐடிஐ முடித்த இளைஞர்கள், இல்லையென்றால் தினக்கூலி. 28, 30 கிலோ எடையுள்ள தகட்டைக் குறுகலான மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். கைப்பிடிச் சுவரே இல்லாத தளத்தின் ஓரத்தில் நின்று போல்ட் முடுக்குகிறார்கள். இடுப்பில் பெல்ட் கிடையாது. வெயில் பட்டால் தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், மெயினை அணைத்தாலும் போகாது. ஆறு தகட்டைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும் டிசி. அதைக் கையுறை இல்லாமல் தொடுகிற பையனுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று எந்த இணையதளமும் கேட்பதில்லை. நம்ம மாடியில் அவனுக்கு ஏதாவது ஆனால் பட்டியலில் இருக்கும் நிறுவனம் "அவர் எங்க ஆளே இல்லை" என்று கைவிரிக்கும்.

கன்ட்ராக்டர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஊரில் நேர்மையாக வேலை செய்யும் சின்னக் கன்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். வங்கிப் பணம் வரும்வரை தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் கைக்காசு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு மீட்டருக்காக நாலு தடவை ஆபீஸ் ஏறி இறங்குகிறார்கள். "மேல் செலவு" என்று ஒரு வரி அவர்கள் கணக்கில் இருக்கிறது. அது என்ன செலவு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பொய் சொல்லிக் குறைந்த ரேட்டில் ஆர்டர் பிடிக்கிறவனோடு போட்டி போட முடியாமல் இவர்களும் தரத்தில் கை வைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். யாரும் பார்க்காத சந்தையில் நல்லவன் முதலில் தோற்பான்.

மின்வாரியம் எங்கே? 2024-ல் வாரியத்தைப் பிரித்தார்கள், பகிர்மானக் கழகம் என்று புதுப் பலகை மாட்டினார்கள். ஒன்றிய அரசு அதே ஆண்டு பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. வேலை முடிந்து விண்ணப்பித்தால் 15 நாளில் மீட்டர் வைத்து இயக்கிக் கொடுக்கணும். முன்பு 30 நாள். விதி பேப்பரில் இருக்கிறது. மீட்டர் ஸ்டாக்கில் இருக்கிறதா? ஆய்வுக்கு வருபவர் மீட்டரைப் பார்ப்பார், போட்டோ எடுப்பார். எர்த்துக் குழியைத் தோண்டிப் பார்ப்பாரா? போல்ட்டை அசைத்துப் பார்ப்பாரா? கம்பத்திலிருந்து மீட்டர் வரைதான் அரசு. அதற்கு மேல் கடவுள் விட்ட வழி.

ஒன்றிய அரசைக் கேட்டால் "அது மாநில மின்வாரியம்." மாநிலத்தைக் கேட்டால் "அது ஒன்றிய அரசுத் திட்டம், நீங்கள் தேர்ந்தெடுத்த கன்ட்ராக்டர்." நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

வேறு வழியே இல்லையா? பக்கத்துக் கேரளத்தில் மின்வாரியமே 'சௌரா' என்ற பெயரில் டெண்டர் விட்டு, நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, பதிவு செய்த வீடுகளுக்கு அனுப்பியது. அங்கேயும் தாமதம் இருந்தது, குறை இருந்தது. ஆனால் புகார் சொல்ல ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவில் அரசின் பெயர் எழுதியிருந்தது. ஏன் இங்கே முடியாது? ஆயிரக்கணக்கான மின்கம்பங்களை நட்டு, மலைக்கிராமம் வரை கம்பி இழுத்த வாரியத்துக்கு ஆறு தகடு மாட்டும் வேலையை மேற்பார்க்கத் தெரியாதா?

2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தை நினைவிருக்கிறதா? 300 சதுர அடி வீடு, கூடவே சூரிய விளக்கு. உங்கள் ஊரில் அந்த வீடு இருந்தால் போய்ப் பாருங்கள். பேட்டரி செத்தபோது யார் வந்து மாற்றினார்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். மாட்டுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பதுதான் திட்டம் என்பது அரசுகளுக்கு எப்போதுமே புரிந்ததில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்காரர், அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருப்பவர் இவர்களையெல்லாம் பற்றித் தனியாக எழுதணும். சொந்த மாடி இல்லாதவனுக்கு இந்தத் திட்டத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

நாம் கேட்பது இதுதான். மின்வாரியமே மாவட்ட வாரியாகத் திறந்த டெண்டர் விட்டு விலையை நிர்ணயிக்கட்டும். ஒவ்வொரு கன்ட்ராக்டர் மீதும் எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது என்று பட்டியலிலேயே பேருக்குப் பக்கத்தில் போடட்டும். கூரை, எர்த்து, சட்டம் மூன்றையும் வாரியப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வங்கி கடைசித் தவணையை விடுவிக்கட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் நீட்டி "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்" என்று வாங்குவது போதும். மாடியில் ஏறும் தொழிலாளிக்குப் பெல்ட்டும் காப்பீடும் இல்லாத நிறுவனத்தின் பதிவை ரத்து செய்யட்டும்.

அது நடக்கும்வரை தோழர்கள் ஏமாறாமல் இருக்கணுமே. ஆகவே சில விஷயம்.

ஈபி இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காலமாகிப்போன அப்பா பேரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பமும் மானியமும் அங்கேயே சிக்கும். மானியத்துக்கு இந்தியாவில் தயாரான செல் கொண்ட தகடுதான் செல்லும், டிசிஆர் என்பார்கள். அது விலை கூடுதல் என்பதால் மற்றதை இறக்கப் பார்ப்பார்கள். லாரியிலிருந்து இறங்கும்போதே ஒவ்வொரு தகட்டின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள், பில்லில் அதே நம்பர் இருக்கணும். தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் வாரண்டி அட்டை நம்ம பேரில், நம்ம கையில். கன்ட்ராக்டர் கம்பெனியை மூடினாலும் தயாரிப்பாளரிடம் நேராகப் போக அது ஒன்றுதான் பிடி. 5 வருஷப் பராமரிப்பு கன்ட்ராக்டரின் கடமை, திட்ட விதியிலேயே உண்டு. "ஏஎம்சி தனி சார்" என்று காசு கேட்டால் அந்த விதியைக் காட்டுங்கள்.

முன்பணம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொருள் வந்திறங்கிய பிறகு பெரும்பகுதி. நெட் மீட்டர் ஓடத் தொடங்கும்வரை ஒரு பங்கைக் கையில் வையுங்கள். கடன் என்றால் இதையே வங்கியில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நெட் மீட்டர் வைக்கும் முன்னால் "சும்மா ஆன் பண்ணிப் பாப்போம்" என்றால் விடாதீர்கள். வீட்டிலிருந்து வெளியே போகிற யூனிட்டையும் பழைய மீட்டர் செலவாகவே எண்ணக்கூடும், பில் எகிறும்.

ஏமாற்றப்பட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. இது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் சோலார் போட்ட வீடுகளுக்கு இந்த வாரமே போங்கள். எப்போது விண்ணப்பித்தார்கள், மீட்டர் எத்தனை நாளில் வந்தது, மானியம் வந்ததா, கூரை ஒழுகுகிறதா, "மேல் செலவு" எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் பெயர், ஈபி நம்பர். 15 நாளைத் தாண்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மனு எழுதுவோம். போட விரும்புகிற வீடுகள் பத்து சேர்ந்தால் கூட்டாகக் கோட்டேஷன் கேளுங்கள். தனி வீட்டிடம் சொல்லும் விலையைப் பத்து வீட்டிடம் சொல்ல மாட்டார்கள். நோட்டோடு வாருங்கள். திங்கட்கிழமை காலை 10 மணி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்.

#மின்வாரியமே_மாடிக்கு_வா